2010 சிட்டி, 1,23,000 கி.மீ.: நாற்பத்தோராயிரம் எஸ்டிமேட்டில் எதை வெட்டலாம்?

கேள்வி, 8 ஜூன் 2025
ஹோண்டா சிட்டி 1.5 பெட்ரோல், மேனுவல், 2010 அக்டோபர் பதிவு, சென்னை. சர்வீஸுக்கு விட்டதில் 41,300 ரூபாய் எஸ்டிமேட். எஞ்சின் ஆயில், ஃபில்டர்கள், எஞ்சின் ஃபிளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், டைமிங் பெல்ட், பவர் ஸ்டீயரிங் ஆயில், கூலன்ட், முன் டிஸ்க் ஸ்கிம்மிங், ஏசி கேஸ், நாலு வீல் அலைன்மென்ட், அண்டர்பாடி கோட்டிங். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. பள்ளத்தில் முன்பக்கம் லேசாக "டொக் டொக்". பழைய வண்டிக்கு வருசா வருசம் இப்படித்தான் செலவாகும் என்கிறார்கள். செய்வதா, விற்பதா?

8 ஜூன், இரவு 9.50
முதலில் டைமிங் பெல்ட். இந்த எஞ்சினில் பெல்ட்டே கிடையாது, செயின். அடுத்து பவர் ஸ்டீயரிங் ஆயில். இந்த சிட்டியில் ஸ்டீயரிங்கைத் திருப்ப உதவுவது மின்மோட்டார். ஆயில் டப்பா எங்கே என்று பானெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், வாஷர் தண்ணி டப்பாவைக் காட்டுவார்கள்.

ஆக, வண்டியில் இல்லாத இரண்டு பொருளுக்கு எஸ்டிமேட் போட்டிருக்கிறார்கள். மீதி பத்தையும் அதே கண்ணோடு பார்க்கலாம்.

8 ஜூன், இரவு 10.15
ஒரு நியாயம். "டைமிங் பெல்ட்" என்று எழுதியவர் வெளியே ஓடும் ஃபேன் பெல்ட்டை நினைத்து எழுதியிருக்கலாம். ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர், வாட்டர் பம்ப் மூன்றையும் சுற்றும் ஒரே பெல்ட் அது. அறுந்தால் சார்ஜ், ஏசி, கூலிங் மூன்றும் ஒன்றாகப் போகும். டார்ச் அடித்து உள்பக்க வரிகளைப் பாருங்கள். குறுக்கே வெடிப்பு நெருக்கமாக இருந்தாலோ, வரி பிய்ந்திருந்தாலோ, பக்கம் பளபளவென்று கண்ணாடியாகியிருந்தாலோ மாற்றுங்கள். மாற்றும்போது டென்ஷனர் புல்லியைக் கையால் சுழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கரகரவென்றால் அதுவும் போச்சு. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு புல்லியை விட்டால் மூன்று மாதத்தில் மறுபடி அதே கூலி.

9 ஜூன், காலை 6.40
ஆயில். ஃபில்டரோடு மாற்றினால் 3.6 லிட்டர், ஃபில்டர் இல்லாமல் 3.4. பில்லில் 4 லிட்டர் போட்டால் மீதி 400 மில்லியை டப்பாவோடு கேட்டு வாங்கி டிக்கியில் வையுங்கள், டாப்-அப்புக்கு ஆகும்.

ஆயிலின் தடிமன் 5டபிள்யூ-30 போதும். "பழைய எஞ்சின், கெட்டி ஆயில் ஊத்துங்க" என்று 20டபிள்யூ-50 ஊற்றுவது ஊரில் பரவலான வைத்தியம். அந்தக் கால அம்பாசடருக்கு அது சரி. இந்த எஞ்சினில் வால்வு திறப்பதை மாற்றும் விடெக் அமைப்பு ஆயில் அழுத்தத்தால் வேலை செய்கிறது. அதன் சோலனாய்டுக்கு (மின்சார வால்வு) முன்னால் சல்லடை மாதிரி ஒரு சின்ன வலை இருக்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் கெட்டி ஆயில் மேலே ஏற நேரமாகும், அதுவரை கேமும் ராக்கரும் காய்ந்து உரசும். ஆயில் குறைகிற எஞ்சினுக்குக் கெட்டி ஆயில் ஊற்றினால் குறைகிற வேகம் மறையும், குறைகிற காரணம் அப்படியே இருக்கும்.

எஞ்சின் ஃபிளஷ் வேண்டாம். ஒழுங்காக ஆயில் மாற்றிய எஞ்சினில் கழுவ ஒன்றுமில்லை. ஒழுங்காக மாற்றாத எஞ்சினில் ஃபிளஷ் கரைத்து இறக்கும் கசடு போய் உட்காரும் இடம் அந்த வலையும் ஆயிலை உறிஞ்சும் பிக்கப் குழாயும்தான். எண்ணெய் மூடியைத் திறந்து டார்ச் அடித்தால் தெரியும். தேன் நிறத்தில் பளபளப்பு இருந்தால் நல்லது. கறுப்புக் களி அப்பியிருந்தால், 3,000 கி.மீ.க்கு ஒரு தடவையாக இரண்டு மூன்று முறை ஆயில் மாற்றுவதுதான் ஃபிளஷ்.

10,000 கி.மீ. அல்லது ஒரு வருசம், எது முதலில் வருகிறதோ அது. தினம் மூன்று கி.மீ. ஆபீஸ், மூன்று கி.மீ. வீடு என்று ஓடும் வண்டிக்கு 6,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சின் சூடாகாமலே அணைந்தால் பெட்ரோலும் ஈரமும் ஆயிலிலேயே தங்கிவிடும்.

9 ஜூன், மதியம்
கீழே ஒருவர் ஆயில் சட்டி கசிகிறது என்கிறார். டிரெயின் போல்ட் 17 மி.மீ. ஸ்பானர். அதில் 14 மி.மீ. ஓட்டை கொண்ட அலுமினிய வாஷர். ஒவ்வொரு முறையும் புது வாஷர். பழைய வாஷர் நசுங்கிவிட்டது, அதை வைத்து முறுக்கினால் கசியும். கசிவதை நிறுத்த இன்னும் முறுக்குவார்கள். மூன்றாவது சர்வீஸில் சட்டியின் மரை போய்விடும். இறுக்கம் 39 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் சின்ன ஸ்பானரில் ஒரு கை பலம், நீளக் குழாய் மாட்டிய ஸ்பானரில் அல்ல. ஃபில்டருக்கு ரப்பர் வளையத்தில் புது ஆயில் தடவி, கையால் தொடும்வரை திருகி, அதன்பின் முக்கால் சுற்று. அவ்வளவே. பழைய ஃபில்டரின் ரப்பர் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று பார்க்காமல் புதிதை மாட்டினால் இரட்டை ரப்பராகி, ஹைவேயில் மொத்த ஆயிலும் ரோட்டில்.

10 ஜூன், காலை
இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங் இரண்டையும் வெட்டுங்கள். இது போர்ட் இன்ஜெக்‌ஷன். பெட்ரோல் இன்டேக் வால்வின் முதுகில் விழுந்து அதைக் கழுவிக்கொண்டே இருக்கிறது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு உள்ள கரிப் பிரச்சினை இதற்குக் கிடையாது.

ஐடிலில் ஆர்.பி.எம். ஆடுகிறதென்றால் த்ராட்டில் பாடியை (எஞ்சினுக்குப் போகும் காற்றைத் திறந்து மூடும் பாகம்) துடையுங்கள். ஏர்ஃபில்டர் குழாயைக் கழற்றினால் பித்தளை நிறத் தட்டு தெரியும். அதன் விளிம்பில்தான் கறுப்பு. கிளீனரைத் துணியில் அடித்துத் துடைக்கவும், நேராகப் பீய்ச்ச வேண்டாம். தட்டை இயக்குவது மோட்டார். சாவி ஆனில் இருக்கும்போது விரலால் தள்ளினால் பல்சக்கரம் போகும், விரலும் போகலாம்.

துடைத்த பிறகு ஆர்.பி.எம். ஏறி நிற்கும். பயந்துபோய் சென்சார் மாற்ற வேண்டாம். அழுக்கு இருந்த அளவுக்குப் பழகிய கம்ப்யூட்டருக்குப் புது அளவைச் சொல்லித்தர வேண்டும். ஏசி, லைட், ரேடியோ எல்லாம் ஆஃப். சாவியை ஆனில் இரண்டு செகண்ட் விட்டு ஸ்டார்ட். லோடு இல்லாமல் 3,000 ஆர்.பி.எம்.மில் ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை பிடித்து, பிறகு ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐந்து நிமிடம் ஐடிலில். பேட்டரி கழற்றி மாட்டினாலும் இதே சடங்கு.

11 ஜூன்
"ஸ்பார்க் பிளக்கை ஏன் யாரும் சொல்லலை?" என்று ஒருவர் அதட்டுகிறார். எஸ்டிமேட்டில் இல்லாததால் விட்டுப்போச்சு. இருப்பதிலேயே மாற்ற வேண்டியது அதுவாகக்கூட இருக்கும். 1,23,000 ஓடியிருக்கிறது. உள்ளே இருப்பது இரிடியமாக இருந்தால் ஒரு லட்சம் கி.மீ. ஆயுள், சாதா நிக்கலாக இருந்தால் 40,000 ஓடுவதே பெரிது. கழற்றி அதன்மேல் உள்ள குறியீட்டைப் படித்து அதையே வாங்குங்கள். இரிடியத்தின் இடைவெளியை ஃபீலர் கேஜ் விட்டு நெம்ப வேண்டாம், முனை ஒடிந்துவிடும். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். முதல் நாலைந்து சுற்று கையால். இறுக்கம் 18 நியூட்டன் மீட்டர். பிளக் குழிக்குள் ஆயில் தேங்கியிருந்தால் அது பிளக் பிரச்சினை அல்ல, ஹெட் கவர் கேஸ்கெட்டோடு வரும் டியூப் சீல்.

11 ஜூன், இரவு
ஹெட் கவர் கழற்றுவதென்றால் கூடவே டாப்பெட் இடைவெளியும் (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவே) பார்த்துவிடுங்கள். இதில் ஹைட்ராலிக் கிடையாது, ஸ்க்ரூ வைத்து அட்ஜஸ்ட் செய்வது. இன்டேக் 0.15 முதல் 0.19 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.26 முதல் 0.30 மி.மீ. எஞ்சின் 38 டிகிரிக்குக் கீழே இருக்கும்போது அளக்க வேண்டும். சென்னை மே மாதத்தில் மதியம் அளந்தால் வெளிக்காற்றே 38ஐத் தாண்டும். ராத்திரி விட்டுவிட்டுக் காலையில் செய்கிற வேலை இது.

டிக்டிக் சத்தம் கேட்கிறது என்று ஓடுகிறவர்கள் அதிகம். சத்தம் போடுகிற டாப்பெட்டில் இடைவெளி கூடிவிட்டது, தொந்தரவுதான், ஆபத்தில்லை. சத்தமே போடாத டாப்பெட்டுக்குப் பயப்படுங்கள். இடைவெளி குறைந்து எக்ஸாஸ்ட் வால்வு முழுசாக மூடாமல் நின்றால் வால்வின் சூடு அது உட்காரும் வளையத்துக்கு இறங்காது, விளிம்பு கருகும். வண்டி இழுவை குறைந்து, காலையில் ஒரு சிலிண்டர் தவறும். சி.என்.ஜி., எல்.பி.ஜி. மாட்டிய சிட்டிகளில் இது சீக்கிரம் வரும். அப்படிப்பட்ட வண்டி வாங்குகிறவர்கள் 20,000 கி.மீ.க்கு ஒரு முறை அளந்துகொள்ளவும்.

13 ஜூன்
கூலன்ட் வைத்துக்கொள்ளுங்கள், இது நியாயமான செலவு. ஹோண்டா டைப் 2, நீல நிறம், தண்ணீர் கலந்தே வரும். அதில் மேற்கொண்டு தண்ணீர் சேர்க்கக் கூடாது. ஐந்து லிட்டர் வாங்கினால் மிஞ்சும்.

பச்சையும் நீலமும் கலந்தால் குடி முழுகிவிடாது, ஆனால் எது எத்தனை வருசம் தாங்கும் என்ற கணக்கு போய்விடும். அதைவிட மோசம் "டாப்-அப்தானே" என்று போர் தண்ணீர் ஊற்றுவது. சென்னையில் பாதி இடத்தில் போர் தண்ணீரில் குளித்தால் முடி கொட்டுகிறது. அதை அலுமினிய ரேடியேட்டரில் ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் எங்கே போகும்? அவசரத்துக்கு டிஸ்டில்டு வாட்டர்.

ஊற்றும் முறை: ரேடியேட்டர் மூடி திறந்து, ஹீட்டர் முழுச் சூட்டில், மெதுவாக ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை குமிழி வெளியேற விட வேண்டும். காற்று உள்ளே மாட்டிக்கொண்டால் ஊசி ஏறி இறங்கும்... 

13 ஜூன், பத்து நிமிடம் கழித்து
ஊசி எங்கே இருக்கிறது. இந்த சிட்டியில் டெம்பரேச்சர் முள்ளே கிடையாது, நீல விளக்கும் சிவப்பு விளக்கும்தான். சிவப்பு எரியும்போது விஷயம் முற்றிவிட்டது. அதனால்தான் மாதம் ஒருமுறை ஆறிய எஞ்சினில் ரிசர்வ் டப்பா அளவைப் பார்க்கச் சொல்வது. அளவு இறங்கிக்கொண்டே போனால் ரேடியேட்டரின் மேல், கீழ் பிளாஸ்டிக் தொட்டிகள் அலுமினியத்தோடு சேரும் விளிம்பில் வெள்ளைக் கறை இருக்கிறதா பாருங்கள். 15 வருசப் பிளாஸ்டிக், முறுக்கு மாதிரி நொறுங்கும். மூடியின் ரப்பரும் அப்படியே. மூடியில் அழுத்த அளவு 1.1 என்று பொறித்திருக்கும், 0.9 மூடி மாட்டிவிடாதீர்கள்.

14 ஜூன்
"டொக் டொக்". போன் பண்ணாமலே சொல்லலாம், முதல் சந்தேகம் ஸ்டெபிலைசர் லிங்க் ராடு, இரண்டு பக்க சஸ்பென்ஷனையும் இணைக்கும் கம்பியின் முனையில் இருக்கும் சின்னத் தண்டு. ஒரு பக்கச் சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது சத்தம் வந்து, இரண்டு சக்கரமும் ஒன்றாக ஸ்பீடு பிரேக்கரில் ஏறும்போது வராவிட்டால் லிங்க் ராடுதான். இரண்டிலும் வந்தால் ஷாக் அப்சார்பர் மேல் மவுண்ட் அல்லது லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க் கையின் ரப்பர்). நின்ற வண்டியில் ஸ்டீயரிங்கை இடம் வலம் ஆட்டும்போதே கையில் தட்டினால் ரேக் அல்லது டை ராடு.

லோயர் ஆர்ம் புஷ் மாற்றுகிறவர்கள் செய்யும் ஒரு தப்பை எத்தனை முறை சொன்னாலும் தகும். லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுசாக இறுக்கிவிடுகிறார்கள். அந்த ரப்பர் உள்குழாயோடும் வெளிவளையத்தோடும் ஒட்டியது, அது சுழலாது, முறுக்கிக்கொள்ளும். தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுகி நிற்கும். 10,000 கி.மீ.யில் கிழியும், "டூப்ளிகேட் புஷ் கொடுத்துட்டான்" என்று கடைக்காரர் பழி சுமப்பார். போல்ட்டைக் கையளவு மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி அல்லது ஜாக்கியால் ஆர்மைத் தூக்கி எடை ஏற்றியபின் இறுக்க வேண்டும்.

கூடவே எஞ்சின் மவுண்ட். ஏசி போட்டு சிக்னலில் நிற்கையில் சீட்டும் ஸ்டீயரிங்கும் நடுங்கினால் ஓட்டுநர் பக்கத்து மவுண்ட்டைப் பாருங்கள், உள்ளே எண்ணெய் நிரப்பியது. கறுப்பாக வழிந்திருந்தால் தீர்ந்தது.

14 ஜூன், மாலை
நாலு வீல் அலைன்மென்ட்டா? பின்னால் டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே உத்தரம். அதில் திருப்புவதற்குப் போல்ட்டே இல்லை. அளந்து காட்டலாம், அவ்வளவுதான். புஷ் வேலை முடிந்தபின் முன் சக்கரத்துக்கு மட்டும் அலைன்மென்ட், நாலுக்கும் பேலன்ஸிங். புஷ்ஷுக்கு முன்னாலேயே அலைன்மென்ட் செய்வது தலைக்கு எண்ணெய் வைக்காமல் சீயக்காய் தேய்ப்பது மாதிரி, வரிசை தப்பு.

17 ஜூன்
பேட்டரி பற்றிக் கேட்டவருக்கு: ராத்திரி நின்ற வண்டியில் 12.6 வோல்ட் இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5. அதற்குக் கீழே காட்டினால் ஆல்டர்னேட்டர் சந்தேகம்.

19 ஜூன்
மேலே எழுதியதைத் திருத்துகிறேன், யாராவது அதைப் படித்து ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிடப்போகிறீர்கள். ஹோண்டாவில் மின்சுமையை அளக்கும் ஒரு சென்சார் ஃபியூஸ் பெட்டியில் இருக்கிறது. சுமை குறைவு, பேட்டரி நிறைவு என்றால் கம்ப்யூட்டரே சார்ஜைக் குறைத்து 12.5 பக்கத்தில் ஓடவிடும், பெட்ரோல் மிச்சம் பிடிக்க. அதைப் பார்த்து நல்ல ஆல்டர்னேட்டரை மாற்றியவர்கள் உண்டு. ஹெட்லைட் ஹை பீம், புளோயர் நாலாம் நம்பர், பின்கண்ணாடி ஹீட்டர் மூன்றையும் போட்டு மறுபடி அளக்கவும். 14 பக்கம் ஏறினால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது. அப்போதும் ஏறாவிட்டால்தான் என் பழைய வாக்கியம்.

20 ஜூன், காலை 5.55
இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். ஆயில், பெல்ட் என்று பேசிக்கொண்டே இருந்ததில் தள்ளிப்போனது தப்பு.

ஏர்பேக். இந்தத் தலைமுறை சிட்டி, டகாட்டா கம்பெனி செய்த இன்ஃபிளேட்டர் (ஏர்பேக்கை ஊதும் வெடிகலன்) ரீகாலில் வருவது, அதாவது கம்பெனியே வண்டியைத் திரும்ப அழைத்து மாற்றித்தருவது. இந்தியாவில் 2016லிருந்து பல தவணையாக ஹோண்டா அறிவித்தது. உள்ளே இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வருசக்கணக்கில் வெயிலையும் ஈரக்காற்றையும் குடித்துக் கெட்டுப்போகிறது. அதன்பின் வெடிக்கும்போது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புக் கூடே சிதறி முகத்தில் பாயும். வெயிலும் ஈரமும் ஒன்றாகச் சேரும் ஊருக்கு நம் கடற்கரையைவிட வேறு உதாரணம் வேண்டாம். ஆர்.சி.யில் இருக்கும் 17 எழுத்து சேஸிஸ் எண்ணை ஹோண்டா இணையதளத்தின் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். மாற்றுவது இலவசம். இரண்டாம் கை, மூன்றாம் கை வண்டியென்றால் கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போயிருக்கும். முன்பே மாற்றிய வண்டியா என்பதும் அங்கேயே தெரியும்.

இதைப் பார்க்காமல் அண்டர்பாடி கோட்டிங் போட வேண்டாம்.

20 ஜூன், இரவு
கேட்டவர் பார்த்துவிட்டார். ஓட்டுநர் பக்கம் மாற்றியாயிற்று, பயணி பக்கம் பாக்கி என்று வந்ததாம். அதுவரை முன்சீட்டில் பக்கத்தில் யாரையும் உட்கார வைக்காதீர்கள்.

(2008 நவம்பர் முதல் 2009 டிசம்பர் வரை செய்த சிட்டி வைத்திருப்பவர்களுக்கு: விடெக் ராக்கருக்கு அடியில் இருக்கும் லாஸ்ட் மோஷன் ஸ்பிரிங்குக்கு 2011ல் ஒரு ரீகால் வந்தது. பழைய சர்வீஸ் தாளில் தேடவும். 2010 வண்டிக்கு அது இல்லை.)

24 ஜூன்
பிரேக். டிஸ்க் ஸ்கிம்மிங், அதாவது டிஸ்க்கைச் சீவிச் சமமாக்குவது, எதற்கு என்று கேளுங்கள். 80 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் உதறுகிறதா? இல்லையென்றால் வேண்டாம். சீவச் சீவ டிஸ்க் மெலியும், மெலிந்த டிஸ்க் சீக்கிரம் சூடேறும். எவ்வளவு வரை தேயலாம் என்று டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும், வெர்னியர் வைத்துப் படித்துக்காட்டச் சொல்லுங்கள். பேட் 1.6 மி.மீ. வந்தால் கடைசி. 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவது நல்லது. உள் பேட் தேய்ந்து வெளி பேட் புதுசாக இருந்தால் காலிப்பர் பின் இறுகிவிட்டது. கழற்றித் துடைத்து சிலிகான் கிரீஸ் வைக்க வேண்டும். மஞ்சள் பேரிங் கிரீஸ் வைத்தால் ரப்பர் உப்பி மறுபடி இறுகும்.

எஸ்டிமேட்டில் இல்லாதது பிரேக் ஆயில். தரம் டாட் 3 அல்லது டாட் 4. புது டாட் 4 கொதிப்பது 230 டிகிரியில். காற்றில் உள்ள ஈரத்தைக் குடித்தபின் அதற்கான வரம்பு 155. ஏற்காடு இறக்கத்தில் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போவது இதனால். இரண்டு வருசத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். திறந்து வைத்த டப்பா மிச்சம் இருந்தால் தூக்கிப் போடுங்கள். கிளட்ச்சுக்குத் தனி டப்பா, அதே ஆயில், அதை எல்லோரும் மறப்பார்கள்.

24 ஜூன், பிறகு
கியர் ஆயிலும் இல்லை! ஹோண்டாவின் மேனுவல் கியர் ஆயில் எம்.டி.எஃப்., ஒன்றரை லிட்டர் வாங்கினால் போதும். 80டபிள்யூ-90 ஊற்றினால் காலையில் முதல் கியரிலிருந்து இரண்டாவது போக மாட்டேன் என்று அடம்பிடிக்கும். முதலில் மேல் போல்ட்டைத் திறங்கள், பிறகுதான் கீழ் போல்ட். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் துருவேறித் திறக்க மறுத்தால் வண்டி அங்கேயே நிற்கும். மேல் ஓட்டையில் வழியும் அளவுதான் அளவு.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்: ஹோண்டாவின் டி.டபிள்யூ-1 ஆயில், ஒரு முறை வடித்தால் இரண்டரை லிட்டர்தான் வரும், மீதி கன்வர்ட்டரில். மூன்று முறை வடித்து ஊற்றி, இடையில் ஓட்டுங்கள். மெஷின் வைத்து ஃபிளஷ் வேண்டாம். அளவு பார்ப்பது ஃபேன் இரண்டு முறை ஓடியபின், எஞ்சினை அணைத்து, 60 முதல் 90 செகண்டுக்குள்.

29 ஜூன்
இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) சண்டை இங்கேயும் வந்துவிட்டது. சுருக்கமாக. எத்தனாலில் ஒரு லிட்டருக்குக் கிடைக்கும் சூடு பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்கு. சுத்த பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20யில் ஆறு ஏழு சதவீதம், இ10ஓடு ஒப்பிட்டால் மூன்று சதவீதம் சக்தி குறைவு. லிட்டருக்கு 12 கி.மீ. கொடுத்த வண்டி 8 கொடுக்கிறது என்றால் அது எத்தனால் அல்ல, டயர் காற்று, பிளக், சிக்கிய பிரேக், இதையெல்லாம் பாருங்கள்.

மைலேஜைவிட ரப்பரைக் கவனியுங்கள். 2010 வண்டியின் பெட்ரோல் ஹோஸும் சீலும் இ20யை நினைத்துச் செய்தவை அல்ல. எஞ்சின் பக்கத்து ஹோஸை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு, பிசுபிசுப்பு, வாசனை எது இருந்தாலும் மாற்றவும். ஃபில்டர் டேங்குக்குள் பம்ப்போடு இருக்கிறது. பழைய டேங்கின் கசடை எத்தனால் கிளப்பி அதில் கொண்டுபோய்ச் சேர்க்கும். ஏற்றத்தில் திணறினால் பெட்ரோல் அழுத்தம் அளக்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறவர்கள் டேங்கை நிரப்பி நிறுத்தவும். காலி டேங்கில் ஈரம் சேர்ந்து எத்தனாலும் தண்ணீரும் அடியில் தனியாக இறங்கும்.

29 ஜூன்
நிறுத்தி வைப்பது என்றதும் எலி. பிள்ளையார் வாகனம் நம் வாகனத்துக்குள் குடியேறினால் முதலில் கடிப்பது இன்ஜெக்டர் ஒயர். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் ஒரு வாரம். பானெட்டைத் திறந்து வைத்தால் இருட்டு பிடித்த எலி வராது. தெருவில் நிறுத்துகிறவர்கள் கீழ்க் கவர் இருக்கிறதா என்று பாருங்கள், அதைக் கழற்றிப் போட்ட வண்டிகளுக்குள் ஏறுவது எலிக்குப் படிக்கட்டு.

3 ஜூலை
ஏசி கேஸ். "கேஸ் தீர்ந்துபோச்சு" என்பது சமையல் சிலிண்டருக்குப் பொருந்தும். ஏசியில் கேஸ் தீராது, கசியும். கசிவைக் கண்டுபிடிக்காமல் நிரப்பினால் அடுத்த கோடையில் மறுபடி. இந்த வயதில் டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயில்தான் அடிக்கடி போகும். முதலில் கேபின் ஃபில்டரும் கண்டென்சர் முகப்பும் சுத்தமா, ஃபேன் ஓடுகிறதா பாருங்கள். குளிர்ச்சி சரியாக இருக்கும் வண்டிக்குக் கேஸ் தொடவே கூடாது. அளவு பானெட் ஸ்டிக்கரில் கிராம் கணக்கில் இருக்கும், எடைபோட்டு ஏற்றும் மெஷின் உள்ள இடத்தில் மட்டும்.

டயர்: பக்கச் சுவரில் நாலு இலக்கம். 2319 என்றால் 2019ன் 23ஆவது வாரம். பூ இருந்தாலும் ஆறேழு வருசத்துக்கு மேல் வேண்டாம். ஸ்டெப்னியையும் திருப்பிப் பாருங்கள், 2010ன் மூலப்பிரதி அங்கே தூங்கிக்கொண்டிருக்கும்.

5 ஜூலை
அண்டர்பாடி கோட்டிங்: கடலோர இ.சி.ஆர். பக்கம் குடியிருந்தால் யோசிக்கலாம். ஆனால் அடித்தட்டைக் கழுவிக் காயவைத்து, துரு இருக்கும் இடத்தைச் சுரண்டி, பிரைமர் அடித்தபின். துருவின் மேல் தார் பூசினால் துரு உள்ளே நிம்மதியாக வளரும், அவ்வளவு வித்தியாசம்.

2015, 2023 வெள்ளத்தில் நின்ற வண்டியா என்ற சந்தேகம் இருப்பவர்கள், முன் சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்து அடிப்பகுதியில் சேற்றுக் கோடு இருக்கிறதா பாருங்கள். தரை விரிப்பைக் கழுவுகிறவன் பெல்ட்டின் வாலைக் கழுவ மாட்டான்.

8 ஜூலை
"வித்துடலாமா" என்ற பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லாமலே ஒரு மாதம் ஓடிவிட்டது. உங்கள் ஆர்.சி. அக்டோபரில் முடிகிறது. முடிவதற்கு 60 நாளுக்குள் படிவம் 25 கொடுக்கலாம், ஆகஸ்ட் கடைசியில் தொடங்குங்கள். 2022 ஏப்ரலில் காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 5,000 ரூபாய் ஆனது, பசுமை வரி தனி. கிடைப்பது ஐந்து வருசம். எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனை) லைட், ஹார்ன், வைப்பர், டயர், புகை, துரு பார்ப்பார்கள். அடித்தட்டு உறுதியாக, எஞ்சின் ஆயில் குடிக்காமல், ஏர்பேக் மாற்றியபின் என்றால் வைத்துக்கொள்வதற்கே என் ஓட்டு. சேஸிஸ் கால் (அடிச்சட்டத்தின் நீள இரும்பு) துருப்பிடித்து ஸ்க்ரூடிரைவர் உள்ளே போனால் விற்கவும்.

19 ஜூலை
கேட்டவர் முடித்துவிட்டார். ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிளக் நாலு, கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், லிங்க் ராடு இரண்டு, பெல்ட். பொருள் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் வாங்கி, வீட்டருகே மெக்கானிக். 17,850 ரூபாய். பழைய பிளக் போட்டோ பார்த்தேன், முனை முழுசாக வட்டமாகியிருக்கிறது. பழைய லிங்க் ராடின் பந்து கையால் ஆட்டினாலே கடகட.

ஏர்பேக்குக்கு அடுத்த வாரம் நேரம் கொடுத்திருக்கிறார்களாம்.

20 ஜூலை
டிரெயின் வாஷர் மாற்றினாரா என்று கேட்டிருந்தேன். மறந்துவிட்டாராம். ஒரு துளி கசிகிறதாம். மேலே முறுக்க வேண்டாம். அடுத்த ஆயில் வரை அட்டை போட்டு நிறுத்துங்கள், வாரம் ஒரு முறை டிப்ஸ்டிக் பாருங்கள்.